கீழ்நோக்கின கிணறு

தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்ணிடம் மாப்பிள்ளை வீட்டார் எல்லாப் பெருமையையும் பேசுவார்கள்; தண்ணீரைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். குழாய் வந்த தெருக்காரர்கள் பாக்கியவான்கள். மற்றத் தெருக்களில் கிணறுதான். அதில் ஊறுவது பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். குளித்தால் சோப்பு நுரைக்காது, குடித்தால் தாகம் அடங்காது, உலை வைத்தால் பருப்பு வேகாது. சந்தனமாரி இருபத்திரண்டு வருஷமாக வேகாத பருப்பை மத்தால் கடைந்தும் அம்மியில் நசுக்கியும் சில நாள் திட்டியும் குழம்பு வைத்தவள்.

அவள் புருஷன் தாணுலிங்கம் கருப்பட்டி மண்டிக்காரர். சிப்பத்தைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தே எடை சொல்வார். எதிராளி இருமுகிற தினுசை வைத்தே அவன் மனசில் இருக்கிற விலையைப் பிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வீடு கட்டப் போகிறேன் என்று சொன்னபோது பெண்டாட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்:

"மாடி வைங்க, மச்சு வைங்க. பருப்பு வேகுற தண்ணி இல்லாத மனைக்கு நான் சாமானைத் தூக்க மாட்டேன்."

அதனால்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு வைகாசியில், முத்தையாபுரத்துக்குத் தெற்கே மூன்று வருஷத்துக்கு முன்னே வாங்கிப் போட்ட உடைமரக் காட்டில், வாசக்கால் வைக்கும் முன்னே கிணறு வெட்ட ஆள் இறங்கியது. கிணறு வெட்டியவன் சுடலைமாடன். ஐந்தடி இறங்கியதும் உள்ளே இருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, கல்லு."

"கல்லுன்னா உடைலே. கூலி எதுக்கு வாங்குத?"

"உடைக்கிற கல்லு இல்ல அண்ணாச்சி. எழுதுன கல்லு."

தாணுலிங்கம் எட்டிப் பார்த்தார். சுவர் இல்லை, சுவரைத் தாங்குகிற அடித்தளம். மண்டியில் மூட்டை அடுக்குவதைப் போல வரிசை வரிசையாகக் கல். அடி வரிசையில் தாமரை இதழ் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு மேல் உருளை மாதிரி ஒரு வரிசை. அதற்கும் மேலே ஒன்றின் பின் ஒன்றாக அன்னங்கள், எறும்பு போவது மாதிரி. எல்லாவற்றுக்கும் மேல் பட்டையாக ஓடிய கல்லில் எழுத்து. இவ்வளவு வேலைப்பாடான கல்லை மண்ணுக்குள் போட்டுவிட்டு எவன் போனான், ஏன் போனான் என்று அவருக்குப் பிடிபடவில்லை. சரக்கை விட்டுவிட்டுப் போகிற ஆளை அவர் ஆயுளில் பார்த்ததில்லை.

கல்லை விட்டுப் பன்னிரண்டடி தள்ளித் தோண்டச் சொன்னார். அங்கே இன்னொரு வேடிக்கை. வட்டமாகக் கல் கட்டி, மணல் மூடிப் போன பழங்கிணறு. ஒன்பது நாள் மணலை அள்ளினான் சுடலைமாடன். பத்தாம் நாள் தண்ணீர் எழும்பியது. சந்தனமாரி டவுனிலிருந்து வண்டி கட்டி வந்து, அங்கேயே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, ஒரு கை துவரம்பருப்பைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பருப்பை எடுத்து விரலிடையில் வைத்து நசுக்கினாள். அது மாவாகக் குழைந்தது.

"வெந்துட்டு," என்றாள். கண் கலங்கியது, புகையாக இருக்கலாம்.

மறுநாளே ஓலைக்குடிசை போட்டு அவள் அங்கே குடிவந்துவிட்டாள். "இனிமே இந்தக் கிணத்தை யாருக்காவது விட்டுக்குடுத்தீங்கன்னா, நீங்க மட்டும் டவுனுக்குப் போய்க்கிடுங்க. நான் இங்கனயேதான்," என்று சொல்லியும் வைத்தாள்.

கேட்க ஆள் வராமலா போகும்?

முதலில் வந்தவர் பொன்னுதுரை வாத்தியார். நாடார் உறவின்முறைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர், பழைய எழுத்தில் பாதி தெரிந்தவர். மீதிப் பாதியை உற்சாகத்தால் நிரப்பிக்கொள்வார். கல்லின் மேல் சுண்ணாம்பைத் தேய்த்துத் துடைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார்.

"இப்… பெ… ரும்… பள்… ளிக்கு. இப்பெரும்பள்ளிக்கு! அண்ணாச்சி, நம்ம சனங்க ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே பெரிய பள்ளிக்கூடம் நடத்தியிருக்காங்க!"

"கீழ என்னவோ ஓடுதே?"

"சாவா மூவாப் பேராடு ஐம்பது."

"அப்படின்னா?"

"சாகாத ஆடு. கிழடு தட்டாத ஆடு. அம்பது."

தாணுலிங்கம் வாத்தியார் முகத்தைப் பார்த்தார். வெயில் ஒன்றும் அதிகமில்லை. "சார்வாள், அப்படி ஒரு ஆடு சந்தைக்கு வந்தா நான் கருப்பட்டியை விட்டுட்டு ஆட்டுக்குப் போயிருவேன். பள்ளிக்கூடத்துல ஆட்டுக்கு என்ன சோலி?"

"கணக்குப் பாடமா இருக்கும்," என்றார் பொன்னுதுரை, சிரிக்காமல். அத்தோடு நிற்கவில்லை. போகும்போது, பள்ளிக்கு விட்ட நிலம் பள்ளிக்கே சேர வேண்டுமல்லவா, கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன், பிள்ளைகளுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஜக்கரிய்யா வந்தார். காயல்பட்டணத்து முத்து வியாபாரி; கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் நடையாய் நடப்பவர்; தாணுலிங்கத்துக்கு முப்பது வருஷச் சிநேகம். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, கல்லைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பள்ளின்னுல்லா போட்டிருக்கு? இது எங்க ஆளுங்க இடம்லா!"

"பள்ளின்னா பள்ளிக்கூடம்னு வாத்தியார் சொல்லிட்டுப் போறாரு."

"கூடம் எங்க இருக்கு கல்லுல? காட்டும். எங்க ஊருல பள்ளின்னு சொன்னா பள்ளிவாசல்தான். சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்."

"வாசல் எங்க இருக்கு கல்லுல? நீரு காட்டும்."

இரண்டு பேரும் கல்லைப் பார்த்தார்கள். கூடமும் இல்லை, வாசலும் இல்லை. பள்ளி மட்டும் இருந்தது.

ஜக்கரிய்யா சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினார். முத்துக்காரர்கள் பேரம் அப்படித்தான்: துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. தாணுலிங்கமும் கையை உள்ளே விட்டார். ஜக்கரிய்யா ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

"அஞ்சா? எதுக்கு வே அஞ்சு? அஞ்சு குடமா, அஞ்சு முழமா?"

"முத்துன்னா வெலை. இது பள்ளி. எதை வச்சுப் பேசுததுன்னு எனக்கும் வெளங்கல அண்ணாச்சி. பிடிச்சுப் பழகின கை, பிடிச்சுட்டு," என்றார் ஜக்கரிய்யா. "ஊருல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன். ஹக்கு, அதான் பாத்தியதை, யாருதோ அவங்களுக்குப் போகணும்லா?"

அவர் போன சூட்டோடு தோணிக்கார இனிகோ பர்னாந்து வந்தார். கொச்சிக்குத் தோணி விடுகிறவர். "கொச்சியில போய்ப் பாரும் நாடாரே. அங்கன மாதா கோயிலுக்குப் பேரே பள்ளி. இது எங்க கோயிலு," என்றார்.

"நீரு இருக்கது தூத்துக்குடியில."

"கல்லு எங்கிருந்து வந்துதுன்னு உமக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். தாணுலிங்கத்துக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பருப்பு பூவாக வெந்திருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

தன் பக்கத்துச் சாட்சி ஒன்று வேண்டுமே என்று கிரயப் பத்திரத்தை எடுத்துவைத்துப் படித்தார். "நிதி நிட்சேப ஜல தரு பாஷாண சகிதம்" என்று இருந்தது. பத்திரம் எழுதிய அன்றே இந்த வார்த்தையில் அவருக்குத் தகராறு. நிலத்தோடு பாஷாணத்தையும் சேர்த்துக் கொடுத்தால், நாளைக்கு எவனாவது விஷம் குடித்துச் செத்தால் போலீஸ் நம்மைத்தானே பிடிக்கும், அந்தச் சொல்லை அடித்துவிடும் என்று எழுத்தரிடம் மன்றாடியிருந்தார். எழுத்தர் அடிக்கவில்லை. இப்போதும் அந்தச் சொல் அங்கேயே, கறுப்பாக, பயமுறுத்திக்கொண்டு இருந்தது.

இதற்கிடையே பொன்னுதுரை வாத்தியார் சும்மா இருக்கவில்லை. தம் பெருமையை உலகம் அறிய வேண்டாமா? கல்வெட்டு ஆபீசுக்குக் கடுதாசி போட்டுவிட்டார். ஒரு புதன்கிழமை வில்பிரட் என்று ஒருவர் வந்து இறங்கினார். நாசரேத்துக்காரர். சர்க்கார் உத்தியோகம். வெறும் காகிதம், வாளி, தேங்காய் நார்ப் பிரஷ், மை உருண்டை, இவ்வளவுதான் மூட்டை. சுடலைமாடனை விட்டுச் சுற்றிலும் மண்ணை ஒதுக்கச் சொல்லி, கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துக்குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினார். கறுப்புக் காகிதத்தில் வெள்ளை எழுத்தாகக் கல் அப்படியே எழுந்து வந்தது. குருவி குளிப்பதைப் பார்ப்பது போலத் தாணுலிங்கம் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழன் மத்தியானம் எல்லோரும் கூடிவிட்டார்கள். வாத்தியார், ஜக்கரிய்யா, இனிகோ. சுடலைமாடன் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தான். சந்தனமாரி குடிசை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே காதை இங்கே வைத்திருந்தாள்.

"இது பள்ளிக்கூடமும் இல்ல, பள்ளிவாசலும் இல்ல, மாதா கோயிலும் இல்ல," என்றார் வில்பிரட். "புத்தர் கோயில். அந்தக் காலத்துல புத்தர் கோயிலையும் சமணர் கோயிலையும் பள்ளின்னுதான் சொல்லுவாங்க. இந்தப் பக்கம் பாருங்க, அடித்தளம் நேராப் போயி, பின்னால அரைவட்டமா வளையுது. யானை படுத்துக் கெடக்கதை முதுகுப் பக்கமா நின்னு பார்த்தா எப்படி இருக்கும், அப்படி. இதுக்குப் பேரு தூங்கானை மாடம்."

"ஆடு?" என்றார் தாணுலிங்கம்.

"ஒரு நந்தாவிளக்கு எப்பவும் எரியணும்னு அம்பது ஆட்டை விட்டிருக்காங்க. நெய்க்கு. ஆடு செத்தா குட்டியை வச்சு எண்ணிக்கையைச் சரிக்கட்டணும். எண்ணிக்கை குறையாது. அதான் சாவா மூவா."

கல்லில் இருந்ததிலேயே தாணுலிங்கத்துக்கு முதன்முதலாகப் புரிந்தது அதுதான். புத்தி உள்ளவன்தான் எழுதியிருக்கிறான்.

"கடைசி வரி: 'மேனோக்கின மரமும் கீணோக்கின கிணறும் உள்ளிட்டு சங்கத்தார் வசம்'. மேலே பார்த்த மரம், கீழே பார்த்த கிணறு, எல்லாம் சங்கத்தாருக்குன்னு அர்த்தம்."

சுடலைமாடன் குதித்து எழுந்தான். "எங்க சங்கமா? உப்பளத் தொழிலாளர் சங்கமா சார்? போன மாசந்தான் சேர்ந்தேன்!"

"உக்காருலே," என்றார் தாணுலிங்கம்.

"புத்த பிக்குகள் சங்கம்பா," என்றார் வில்பிரட்.

"அந்தச் சங்கத்தார் இப்ப யாராவது இங்கன இருக்காங்களா?" தாணுலிங்கம் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல."

மழை விட்டது மாதிரி இருந்தது அவருக்கு. கேட்க நாதியில்லாத சாமி! வாத்தியார் முகம் தொங்கிப்போனது. ஜக்கரிய்யா, "கொழும்புல விகாரை பார்த்திருக்கேன், ஆமா, வளைவு அப்படித்தான் இருக்கும்," என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். இனிகோ வெற்றிலையைத் துப்பினார். அதோடு போயிருக்கலாம். வில்பிரட் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"சொந்தம் கொண்டாட ஆளில்லாத பழைய கட்டடம்னா கலெக்டருக்கு எழுதணும். கிணறும் இதோட சேர்ந்ததுதானே. வேலி போட்டுருவாங்க. போர்டு வைப்பாங்க. யாரும் தோண்டக்கூடாது, தண்ணி கோரக்கூடாது."

குடிசை வாசலில் முறம் நின்றுபோனது.

தாணுலிங்கம் பத்திரத்தை எடுத்துவந்து நீட்டினார். வில்பிரட் வாசித்துவிட்டு, "பாஷாணம்னா கல்லு. நிலத்துல உள்ள கல்லு உமக்குத்தான், சரி. எழுத்து சர்க்காருது," என்றார்.

மூன்று வருஷமாகப் பயந்த விஷம் கல்லாகிப்போன ஆச்சரியத்தோடு தாணுலிங்கம் பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகினார். "அப்ப எழுத்தைச் சுரண்டி எடுத்துட்டுப் போங்க. கல்லை நான் வச்சுக்கிடுதேன்," என்றார்.

"அண்ணாச்சி, இதுல பேரம் கெடையாது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இங்க ஏதாவது வழிபாடு நடக்குதா? சனங்க கும்பிடுற இடம்னா நாங்க கை வைக்கறதில்ல. படி எடுத்துக்கிட்டுப் போயிருவோம்."

"நடக்கு!" என்றார் தாணுலிங்கம். வாய் அதுவாகச் சொன்னது.

"என்ன சாமி?"

"அது… நாளைக்கு வெள்ளிக்கிழமைல்லா. காலையில வந்து நீங்களே பாருங்க."

வில்பிரட் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நேற்றுவரை துரத்திய ஆட்களை இன்று தாணுலிங்கம் கும்பிட்டுக் கூப்பிட்டார். "சார்வாள், பள்ளிக்கூடம்னே இருக்கட்டுமே. நாளைக்கு நாலு பிள்ளைகளைக் கூட்டியாந்து ஒரு பாட்டுப் பாடச் சொல்லும்." வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்துச் சர்க்கார் கிராண்ட் நின்றுபோகும் என்று பயம், மாட்டேன் என்றுவிட்டார். ஜக்கரிய்யாவைக் காயல்பட்டணத்து வழக்கப்படி அண்ணன் முறை வைத்து, "காக்கா, நீரு வந்து ஒரு தொழுகை…" என்று இழுத்தார்.

ஜக்கரிய்யா காதைப் பொத்திக்கொண்டார். "அல்லாவே! புத்தர் கோயில்னு தெரிஞ்ச பொறவு பொய் சொல்லச் சொல்லுதீரா? உமக்காக நான் முத்துல பொய் சொல்லுவேன் அண்ணாச்சி, தொழுகையில சொல்ல மாட்டேன்."

இனிகோ கேட்கும் முன்னரே நடையைக் கட்டிவிட்டார்.

தாணுலிங்கம் தாமரை இதழ்க் கல்லின்மேல் உட்கார்ந்தார். யாரெல்லாமோ வந்து என்னுடையது என்றபோது கிணறு அவருடையதாக இருந்தது. யாருடையதும் இல்லை என்று ஆனதும் கையை விட்டுப் போகிறது. எந்தக் கணக்கில் சேர்த்தி இது? எதிராளியே இல்லாமல் எவனோடு பேரம் பேசுவது?

சந்தனமாரி பக்கத்தில் வந்து நின்றாள். "அந்த சாரு என்னமோ தூங்குத யானைன்னு சொன்னாருல்ல?"

"தூங்கானை மாடம். அது கட்டட அமைப்புளா."

"அமைப்போ கிமைப்போ. பள்ளின்னா உறக்கம்தானே? கோயில்ல ராத்திரி சாமியைப் பள்ளியறைக்குத்தான கொண்டுபோறாங்க? பள்ளிகொண்ட சாமின்னுதான சொல்லுதோம்?" அவள் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இத்தனை படிச்சவங்க கூடி நின்னு கூடம்கீங்க, வாசல்ங்கீங்க. சாமி உறங்குது. அதான் இம்புட்டு நாளு மண்ணுக்குள்ள சத்தங்காட்டாமக் கெடந்துருக்கு."

"ஏளா, புத்தர்னு அவரு தெளிவாச் சொல்லிட்டாரு."

"புத்தர் உறங்க மாட்டாரா?"

தாணுலிங்கம் உட்கார்ந்திருந்த இதழ்க் கல்லை விட்டு மெல்ல எழுந்தார்.

அவள் இரண்டு குடத்தில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைச் சுடலைமாடன் தலையிலும் ஏற்றி, பொழுது அடைவதற்குள் முத்தையாபுரத்தில் வீடு வீடாகப் போய்வந்தாள். என்ன சொன்னாள் என்று அவர் கேட்டதற்கு, "குடிச்சுப் பாருங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்து வில்பிரட் சைக்கிளில் வந்து இறங்கியபோது நாற்பது பெண்களுக்குக் குறையாமல் நின்றார்கள். இடுப்பில் ஈரச்சேலை, தலையில் குடம். எழுத்துக் கல்லுக்கு மஞ்சள் பூசி, அரளிப்பூ வைத்து, எண்ணெய் விளக்கு எரிந்தது. மணி இல்லை, குலவை இல்லை. நாற்பது பொம்பளைகள் கூடிய இடத்தில் உடைமரத்துக் காக்கா கத்துவது தெளிவாகக் கேட்டது.

"இது என்ன சா…" என்று வில்பிரட் ஆரம்பித்தார்.

"உஸ்!" என்றன நாற்பது வாய்கள். "சாமி உறங்குது."

வில்பிரட் செருப்பைக் கழற்றினார். விளக்கையும் பூவையும் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், தாணுலிங்கத்தைப் பார்த்தார். நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். எழுதுகிற பென்சில் சத்தத்துக்குக்கூட ஒரு கிழவி முறைத்தாள்.

"எந்தப் பள்ளின்னு எழுதினீங்க?" தாணுலிங்கம் காதோடு காதாகக் கேட்டார்.

"வழிபாட்டில் உள்ளதுன்னு எழுதினேன். எதுன்னு எழுதலை. எனக்கே இப்பக் குழப்பமா இருக்கு," என்று அவரும் கிசுகிசுத்தார். "வேலி வராது. கிணறு நின்னுட்டு உமக்கு."

அவர் போனதும் தாணுலிங்கத்துக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார். ஒரு கை வந்து அவர் கையைத் தட்டிவிட்டது. முன்பின் பார்த்திராத ஒருத்தி வரிசையின் கடைசியைச் சுட்டிக்காட்டினாள். ஏளா, இது என் கிணறுளா என்று கத்த வாயைத் திறந்தார். தண்ணீர் கோரிக் கொடுத்துக்கொண்டிருந்த சந்தனமாரி, முதல் குடத்தைத் தன் குடிசைக்கு எடுத்துவைத்துவிட்ட சந்தனமாரி, உதட்டில் விரலை வைத்தாள்.

சத்தம் போடாமல் ஒரு வியாபாரத்தையும் முடித்தறியாத தாணுலிங்கம் குடத்தோடு கடைசியில் போய் நின்றார். ஜெயித்துவிட்டோமா தோற்றுவிட்டோமா என்று தோள் துண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒரு விரலும் அகப்படவில்லை. வரிசை ஓரடி நகர்ந்தது. அவருக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, அவரை ஏற இறங்கப் பார்த்து, சாமி உறக்கம் கலையாத குரலில் கேட்டாள்:

"அண்ணாச்சி, நீங்க எந்தத் தெரு?"